அக்காவின் முள்வாங்கி

வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருபவள் என் அக்கா. வீட்டில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். குணத்துக்கேற்ற வேலைதான் கிடைத்தது. இன்னும் படையில் சேராத புதிய மின்னணுப் போர் விமானத்தில், எதிரியின் ரேடாரைக் குருடாக்கும் கருவிக்கு ஒயர் கட்டுகிறாள். அதைத் தரையில் இயக்கினாலே எங்கள் ஊரில் ஒரு செல்போனும் வேலை செய்யாது. எனக்குப் புல்லரிக்கும்.

அங்கே திருப்புளி, இடுக்கி எல்லாவற்றுக்கும் பலகையில் இடம் வரைந்திருக்கும். எல்லாச் சாமானும் திரும்பி வந்து பலகை நிறைந்தால்தான் விமானம் கிளம்பலாம். வெளிச் சாமானுக்கு அனுமதி கிடையாது.

ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வந்தவளிடம் மகள் விரலை நீட்டினாள். "அம்மா, சிலாம்பு ஏறிடுச்சு. முள்வாங்கி எங்க?"

பைக்குள் விட்ட அக்காவின் கை அப்படியே நின்றது.

காலையில் விமானத்துக்குள் ஒரு திருகாணி விழுந்திருக்கிறது. அங்கிருந்த இடுக்கி பருமன். தன் முள்வாங்கியால் எடுத்தவள், அதை ஒயர்களுக்கு நடுவிலேயே விட்டுவிட்டாள். அது வெளிச் சாமான் என்பதால் பலகை நிறைந்தே இருந்தது, கையெழுத்தும் போட்டுவிட்டாள். உலகத்தையே சந்தேகப்படுகிறவள் தன்னை மட்டும் நம்பிவிட்டாள்! பறக்கும்போது அது நகர்ந்து மின்முனையில் பட்டுத் தீப்பிடித்தால் விமானி பிழைப்பது கஷ்டம்.

போன் செய்தாள். செத்துக் கிடந்தது. விமானம் கிளம்புமுன் கருவியை இயக்கிப் பார்க்கும் சோதனை தொடங்கிவிட்டது.

"தம்பி, வண்டிய எடுடா!"

"சொன்னா வேல போயிடும்க்கா."

"வாய மூடிட்டு ஓட்டு."

விமானத்தள வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. தரை அதிர்ந்து, என் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. என்ன அழகு! பயந்து நடுங்கிக்கொண்டே வாயைப் பிளந்து பார்த்தேன்.

அக்கா அதற்கு எதிரே போய், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்தாள். நிறுத்தச் சொல்லும் சைகை. விமானி பார்த்துவிட்டார். ஊரையே ஊமையாக்கிய அந்த ராட்சசன் என் அக்கா முன்னால் மூக்கைத் தாழ்த்தி நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முள்வாங்கி மின்முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கிடந்ததாம். அக்காவை ஆறு மாதம் சாமான் அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

"பலகைதான் நிறைஞ்சிருந்துச்சே, யாருக்குக்கா தெரிஞ்சிருக்கும்?" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த பைலட் என்ன, பலகை மேலயாடா உக்காந்து பறக்கப் போறாரு?"