பிஞ்சிலே திறந்த போத்தல்

உறவுகளே, நண்பர்களே,

எங்கள் அண்ணர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. டென்மார்க்கின் இந்த விபோர்க் நகரில் தமிழ் அச்சகம் இல்லாதபடியால் இந்த நினைவு மலரைக் கையால் எழுதிப் பிரதி எடுத்திருக்கிறேன். பிழைகள் என்னுடையவை. என்னை எழுத்தறிய வைத்தவர் அண்ணர்.

அவர் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில், கூலிக் குடும்பமொன்றின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டு, பிறத்தியாரின் முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனார். நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் மட்டும்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார். யாருடைய முதுகில் ஏறித் தாண்டினேன் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை.

கல்யாணம் முடித்த அடுத்த வருடமே அண்ணியை ஊரில் விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போனார். பேர்கண்டிப் பகுதியில், வைனுக்கென்றே முந்திரிகை வளர்க்கும் ஒரு முதலாளியிடம் வேலை கிடைத்தது. முதற் கோடையில் இலைகள் வாடுவதைக் கண்டு பொறுக்காமல், யாரும் சொல்லாமலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எங்கள் ஊரில் தண்ணீர் விடாத முந்திரிகை ஏது? முதலாளி ஓடிவந்து தலையில் கை வைத்தாராம். மேலே தண்ணீர் கிடைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். அது கல்லுக்குள் இறங்கித் தேட வேண்டும். அப்போதுதான் நிலத்தின் குணம் பழத்தில் ஏறும் என்று கைச்சாடையில் விளக்கினாராம். மண், அடியிலுள்ள கல், சரிவு, படுகிற வெயில் எல்லாம் சேர்ந்த அந்தக் குணத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ‘தெறுவார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒழுங்கைப் பாதைக்கு மேற்பக்கத்து வைனும் கீழ்ப்பக்கத்து வைனும் அவர்களுக்கு வேறு வேறு.

“மேலை சிவப்பு மண், கீழை சுண்ணக்கல்லு. எங்கட ஊரைத் தூக்கிச் சரிச்சு வச்சமாதிரி,” என்பார் அண்ணர். “ஆனால் அங்கத்தைக் கொடியள் எங்கட சனத்தைவிடப் பாவம். ஒரு வாய் தண்ணி குடுக்கமாட்டினம்.”

அங்கே அகதி மனு நிராகரிக்கப்பட, டென்மார்க்கில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தார். கொண்டுவந்தது மாற்றுடுப்பும் ஒரு போத்தல் சிவப்பு வைனும். அவர் கையால் பறித்த பழத்தில் செய்தது. பத்து வருடம் கிடத்தி வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி முதலாளி கொடுத்தாராம். அண்ணி வந்திறங்கும் நாளில் திறப்பதென்று அண்ணர் முடிவு செய்து, கம்பளிச் சட்டையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தார். எங்களோடு அறையில் இருந்த மணியண்ணை சும்மா விடுவாரா?

“என்ன, பிள்ளை நித்திரையோ? தாலாட்டுப் பாடேல்லையோ?”

“அது கனகாலம் கிடக்கவேணும் மணி. உனக்கு உது விளங்காது.”

“விசா வாற வேகத்துக்குக் கணக்குச் சரியாத்தான் வரும்!”

அண்ணரும் சேர்ந்துதான் சிரித்தார். பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் அவருக்கு வேலை. அண்ணி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். அந்த மாரியில் அண்ணருக்கு வயிற்றில் நோ தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. டொக்டர் டேனிஷில் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். அவர் படிப்பித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

விசா அலுவலகத்துக்கு நான் நடந்த நடை கொஞ்சமல்ல. பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அதையும் வந்து சொல்லுவேன். ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர், “போத்தலைக் கொண்டு வா,” என்றார்.

“அண்ணி வாற அண்டைக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“சொன்னன்தான். அவள் வருவாள். நான் நிக்கமாட்டன்.”

திறந்தால், அண்ணி அவரை உயிரோடு காணமாட்டார் என்பதற்கு நானும் சம்மதித்ததாகும். மாட்டேன் என்றேன். “இப்ப திறந்தால் பழுதண்ணை. அது இன்னும் பிஞ்சு.”

“நானும் பிஞ்சிலைதானேடா போறன்.”

பக்கத்தில் நின்ற மணியண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்ப் போத்தலை எடுத்து வந்தார்.

தாதி ஒருவர் தக்கை திருகி தேடித் தந்தார். மருந்து குடிக்கும் சின்னக் கோப்பைகளில் ஊற்றினோம். அண்ணர் நெடுநேரம் மூக்கருகே பிடித்திருந்துவிட்டு உதட்டை மட்டும் நனைத்தார். எனக்கு வாழைக்காயைக் கடித்ததுபோல் கயர்த்தது.

“இதுக்கோ அண்ணை இவ்வளவு எடுப்பு?” என்று மணியண்ணை முகத்தைச் சுழித்தார்.

“கயர் போக வருஷக்கணக்காகும். ஆனால் அடியிலை பார், கல்லு நிக்குது. மழை பெய்த சுண்ணக்கல்லு.” மூச்சு வாங்கியது. “மிச்சம் அவளுக்கு. மூடி வை.”

திறந்த வைன் கெடாமல் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நான் மூடி வைத்தேன்.

அந்தக் கிழமை முடியமுன் அண்ணர் கண்ணை மூடினார். தகனம் முடிந்த பிறகுதான் விசா வந்தது.

வலியில்லாமல் வைத்திருந்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், ஸ்கீவ, பிரெடெரிசியா ஊர்களிலிருந்து பனிக்குள்ளால் வந்து தோள் தந்தவர்களுக்கும், பெட்டி தூக்கியது முதல் சமைத்தது வரை எல்லாம் செய்த மணியண்ணைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று காலைதான் அவர் வந்திறங்கினார். அண்ணர் விரும்பிச் சாப்பிட்ட கறிகளோடு அந்தப் போத்தலையும் படத்துக்கு முன் வைத்துப் படைத்தோம். படைத்து முடிந்ததும், வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத அண்ணி போத்தலை எடுத்துக் கிளாசில் ஊற்றினார்.

“வேண்டாம் அண்ணி. அது புளிச்சுப்போச்சு. இப்ப வினாகிரிதான்.”

“எனக்கெண்டு அவர் வச்சது இதுதானே, தம்பி?”

“ஓம்.”

எல்லாவற்றையும் குடித்தார்.