மாமா வீட்டுக்குள் விடாத கப்பல்

இரண்டு வருடங்களுக்கு முன், டெக்சாஸில் நாங்கள் இருக்கும் கேட்டி என்ற ஊரில் நடந்தது இது. வெயில் இன்னும் முழு உக்கிரத்துக்கு வராத ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை காலை.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாகப்பட்டினம். எண்பது வயதைத் தாண்டியவர். மாமியார் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார். கிரீன் கார்டு கையில் வந்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. வீட்டு கராஜிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் கராஜ் சேல் என்று ஒன்று இருப்பது தெரிந்தபோதுதான் பார்த்தேன். சனிக்கிழமை விடிந்தால் தொப்பி, வாக்கிங் ஷூ சகிதம் கிளம்பிவிடுவார். எந்த வீட்டு கராஜ் திறந்திருந்தாலும் உள்ளே ஒரு பார்வை. இப்படியே எங்கள் வீட்டில் டேபிள் ஃபேன்கள் சேர்ந்தன, ஓடாத சுவர்க் கடிகாரம் வந்தது, ஒரு மீன் தூண்டிலும் வந்தது. சுத்த சைவ வீட்டில் தூண்டில் எதற்கு மாமா என்று கேட்டால், "நல்ல கண்டிஷன்ல இருக்கும்மா" என்பார்.

அன்று வெறுங்கையோடு வந்தார். நான் காபியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பின்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் காபியை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"என்ன மாமா, இன்னைக்கு ஒண்ணும் சிக்கலையா?"

"ஒரு கப்பல் இருந்துச்சு. மாடல்."

"வாங்கிட்டு வந்திருக்கலாமே?"

"வேணாம்மா" என்றார்.

அடுத்தவர் மனதில் இருப்பது எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொள்வது என் சுபாவம். ஆசைப்பட்டிருக்கிறார், விலை கூடுதலாக இருந்திருக்கும், கூச்சப்பட்டு வந்துவிட்டார் என்று நானாகவே முடிவு கட்டினேன். அடுத்த வாரம் அவருடைய பிறந்தநாள் வேறு. யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. நல்ல உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிரிட்டிஷ்காரர். இளம் வயதில் இங்கிலாந்தின் ஒரு பெரிய பயணிகள் கப்பல் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவராம். பிறகு எண்ணெய்த் தொழில் அவரை ஹூஸ்டன் பக்கம் இழுத்து வந்திருக்கிறது. மனைவி இறந்துவிட்டார், வீட்டை விற்றுவிட்டு கொலராடோவில் இருக்கும் மகளிடம் போகிறார். மேஜை முழுக்க அவரே மரத்தில் செய்த கப்பல்கள்.

தொப்பி போட்ட இந்தியர் ஒருவர் வந்தாரா என்று கேட்டேன். வந்தார், ஒரே ஒரு கப்பலின் முன்னால் வெகுநேரம் நின்றார், நாற்காலி போட்டேன், உட்காராமல் போய்விட்டார் என்றார். கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பல். படகுகள், கயிறுகள், மேல்தளத்தில் குட்டிக் குட்டி பெஞ்சுகள் என்று ஒன்று விடாமல் செய்திருந்தார். இளைஞராக அவர் முதன்முதலில் வேலை பார்த்த கப்பலே அதுதானாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியதாம். நாகப்பட்டினம் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குளியல் துண்டில் சுற்றிக் கொடுத்தார். பின் சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுவது போல சீட் பெல்ட் போட்டு, ஓட்டி வந்தேன்.

வாசலிலேயே மாமா நின்றிருந்தார். துண்டு விலகி, கப்பலின் முகப்பில் எழுதியிருந்த பெயர் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அத வீட்டுக்குள்ள கொண்டு வராதம்மா."

"உங்களுக்காகத்தான் மாமா..."

"வேணாம்னா வேணாம்! அது வாசலோட நிக்கட்டும்!"

என்னிடம் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. கப்பலைத் தூக்கிக்கொண்டு திருதிருவென்று நின்றேன். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் கேட்டு வந்த என் கணவர் கப்பலின் பெயரைப் படித்தார். அவர் முகமும் மாறிவிட்டது. என்னை கராஜுக்குள் கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும் யாரும் எனக்குச் சொல்லாத கதை.

மாமாவின் அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். மாமா அப்போது நாகப்பட்டினத்தில் அம்மாவோடு இருந்த, தவழும் குழந்தை. ஜப்பான்காரன் வருகிறான் என்ற பேச்சு கிளம்பியதும் அங்கிருந்த நம் ஆட்கள் கிடைத்த கப்பலில் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒருவர், "உங்க வீட்டுக்காரர் அடுத்த கப்பல்ல வர்றாரு, டிக்கெட் எடுத்தத நானே பாத்தேன்" என்று கப்பல் பெயரையும் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் அந்தக் கப்பல் குண்டு விழுந்து மூழ்கிவிட்டது என்று சேதி வந்தது. மாமாவின் அம்மா பொட்டை அழித்துக்கொண்டார்.

போர் முடிந்து, மாமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தள்ளிக் கடலில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஒருநாள் ஒரு கப்பல் வந்து நின்றது. ஆள் ஏற்றிப் போன படகுக்காரர்கள் அதன் பெயரைச் சொன்னார்கள். மூழ்கியதாகச் சொன்ன அதே கப்பல்! ஊரே கடற்கரைக்குப் போய் வேடிக்கை பார்த்தது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் ஆள் எங்கே? அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. "உங்கப்பா கப்பல் வந்துருச்சே, அவர் எங்கடா?" என்று கூடப் படித்த பையன்கள் கேட்டிருக்கிறார்கள். அதன்பிறகும் அந்தக் கப்பல் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

"அவர் உசுரோட இருந்தா வந்திருப்பாருடா" என்பாராம் அம்மா. அப்பாவுக்குத் திதி கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவாராம். "உயிரோட சொகமா இருக்கறவருக்கு எதுக்குத் திதி?" என்று இவர் மறுத்துவிடுவார். கெஞ்சிக் கெஞ்சியே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தலைச்சன் பிள்ளைக்குத் தன் அப்பா பெயரை வைக்கும் வழக்கத்தையும் மாமா உடைத்தார். என் கணவருக்கு வைத்தது தாய்வழித் தாத்தாவின் பெயர். மாமாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியும், விசாவுக்கு எழுதியபோது பார்த்திருக்கிறேன். ஆனால் அதை மாமா வாயால் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"கொண்டு போய்க் குடுத்துடு. இது வீட்ல இருந்தா அப்பா சாப்பிடக்கூட வெளிய வர மாட்டார்" என்றார் கணவர்.

மறுபடியும் சீட் பெல்ட், மறுபடியும் அந்த வீடு. பிரிட்டிஷ்காரர் பதறிப்போய், ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு வாயில் எதுவும் தங்காது. முழுக் கதையையும் கொட்டிவிட்டேன். முதலில் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாதிக் கதையில் அங்கே கிடந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தந்தை கிளம்பியது எப்போது என்று கேட்டார். ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்றேன்.

அப்படியானால் அது இந்தக் கப்பல் இல்லை என்றார் அவர்.

பெயர் இதுதானே என்று நான் விடவில்லை. பெயர் அதேதான், கப்பல் வேறு என்றார். இது போருக்குப் பிறகு கட்டியது. போரில் மூழ்கியது இதற்கு முந்தையது. அந்தக் கம்பெனியின் வழக்கமே அப்படியாம். ஒரு கப்பல் போய்விட்டால் அதன் பெயரைக் கைவிட மாட்டார்கள். அடுத்துக் கட்டும் கப்பல் ஒன்றுக்கு வைத்துவிடுவார்கள். ஒரே பெயரில் மூன்று கப்பல் வரை ஓடியதுண்டாம். எது எங்கே கட்டியது, எது எந்தக் கடலில் போனது, எதைப் பழைய இரும்புக்கு விற்றார்கள் என்று அந்தக் கம்பெனிக் கப்பல்களின் வரலாறு முழுக்க அவர் விரல் நுனியில் இருந்தது. பழைய மாலுமிகள் சிலர் மூழ்கிய கப்பலின் பெயர் கொண்ட புதுக் கப்பலில் ஏற மறுத்ததையும் சொன்னார்.

இதை நான் போய்ச் சொன்னால் மாமா நம்புவாரா? சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார். அதைச் சொன்னபோது அந்த மனிதர் எழுந்து வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் இன்னொரு கப்பல். விற்பனைக்கு வைக்காதது. கறுப்பு உடம்பு, ஒல்லியாக, புகைபோக்கி நெட்டையாக, பார்த்தாலே பழங்காலத்துக் கப்பல். முகப்பில் அதே பெயர். விற்பனையை அப்படியே போட்டுவிட்டு, நானே வருகிறேன் என்று இரண்டு கப்பல்களோடும் என் காரில் ஏறினார்.

வீட்டு வாசலில் குனிந்து, சிரமப்பட்டு ஷூவைக் கழற்றினார். ஆனால் உள்ளே வரவில்லை. நான் அறைக் கதவைத் தட்டி மாமாவை வரவழைத்தேன். கப்பல்களை உள்ளே கொண்டு வரலாமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டு நின்றார். வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்த மாமாவுக்கு மனம் வராது. தலையசைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அமெரிக்கர்கள் பேசுவது மாமாவுக்குச் சட்டென்று பிடிபடாது. இவர் பேசியது ஒரு சொல் விடாமல் புரிந்தது. முந்தைய கப்பல் எப்படிப் போனது, புதியதற்கு ஏன் அதே பெயர் வைத்தார்கள் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். மாமா கறுப்புக் கப்பலின் பெயரை விரலால் தொட்டார். பிறகு வெள்ளைக் கப்பலின் பெயரை. மறுபடியும் கறுப்பு.

"தாத்தா பேரப் பேரனுக்கு வைக்கிற மாதிரி" என்று தமிழில் முணுமுணுத்தார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது போல. நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

என் அப்பா இதில் இருந்தாரா என்று மாமா ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதர் நினைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேல்தளத்தில் வந்த சாதாரணப் பயணிகள் எல்லோருடைய விவரமும் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன், மன்னியுங்கள் என்றார்.

மாமா கறுப்புக் கப்பலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டிக்கெட் எடுத்தத ஒருத்தர் கண்ணால பாத்திருக்காரும்மா. அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. அந்த வெள்ளக் கப்பலப் பாத்துத்தான் நான் அத நம்பாமப் போயிட்டேன்" என்றார். "அப்பா வந்துக்கிட்டுதாம்மா இருந்திருக்காரு. எங்கம்மா சொன்னது சரி."

பிரிட்டிஷ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது போல, மாமாவின் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கலந்து கொடுத்த காபியை இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது கறுப்புக் கப்பலையும் விட்டுவிட்டுப் போனார். எவ்வளவு சொல்லியும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே கொலராடோவுக்குப் போய்விட்டார். அவருக்கு நாங்கள் யார்? வாசல் தேடி வந்து ஒரு மனிதரின் ஆயுள்காலக் கசப்பை எடுத்துப் போட வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? இன்றும் நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன்.

அடுத்த அமாவாசைக்கு மாமாவைக் கால்வெஸ்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். எள், தண்ணீர், தர்ப்பை எல்லாம் தயார். புரோகிதர் போனில் மந்திரம் சொல்ல, நான் போனை மாமாவின் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கென்று பேய்க்காற்று.

"அப்பா பேரச் சொல்லுங்கோ" என்றார் புரோகிதர்.

மாமா சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"காத்துல விழல. சத்தமாச் சொல்லுங்கோ."

மாமா போனைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கூப்பிட்டார் என்றுதான் எழுத வேண்டும். கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

இரண்டு கப்பல்களும் இப்போது எங்கள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் மாமா தன் கையால்தான் தூசி தட்டுவார், என்னைத் தொட விடமாட்டார். யாராவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் முன்பெல்லாம் எனக்கு உடனே கோபம்தான் வரும். இப்போது அந்தக் கறுப்புக் கப்பல் என் கண்ணில் படுகிறது, பாவம், வந்துகொண்டிருந்த வழியில் என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது.