உந்தம் எங்கே போச்சு?

துறையூரில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்துக் கோச்சிங் வகுப்பில் சேர்ந்த எனக்கு அங்கே வாயைத் திறக்கவே பயம். மற்றவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகச் சந்தேகம் கேட்பார்கள்.

அன்று சார் ஒரு கணக்கு நடத்தினார். நின்றுகொண்டிருக்கும், ஆனால் தடையில்லாமல் நகரக்கூடிய ஒரு புரோட்டானை நோக்கி இன்னொரு புரோட்டான் நேராகப் பாய்ந்து வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். எவ்வளவு நெருங்க முடியும்?

"ரொம்ப நெருங்கின இடத்துல ரெண்டும் நின்னுடும். இயக்க ஆற்றல் முழுக்க நிலை ஆற்றலா மாறிடும்" என்றார்.

கடைசி பெஞ்சில் இருந்த என் கை தானாக உயர்ந்தது.

"சார், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பின்னாடி ஒருத்தர் நெருக்கிட்டு வந்தா நானும் முன்னாடி நகர்ந்துடறேன். ரெண்டும் நின்னுட்டா, வந்த உந்தம் எங்க சார் போச்சு?"

பஸ் ஸ்டாண்டையும், மொமென்டத்துக்கு நான் சொன்ன உந்தத்தையும் கேட்டு வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. போர்டில் எழுதியிருந்த விடையை அழித்துவிட்டு, "வாம்மா, நீயே போடு" என்று சாக்பீஸை நீட்டினார்.

அந்த இடத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் சேர்ந்து நகரும். ஆற்றலில் பாதிதான் நிலை ஆற்றலாகும். அதனால் இடைவெளி சார் எழுதியதைவிட இரு மடங்கு வந்தது. எல்லோரும் நோட்டில் அடித்துத் திருத்தினார்கள். அன்று துறையூர் பஸ் ஏறும்போது என் கால் தரையில் பாவவில்லை.

இப்போது நானும் இந்தக் கணக்கை நடத்துகிறேன். ரெண்டும் நின்னுடும் என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்த்துக் காத்திருப்பேன்.