ஐந்தாவது கை

ஆர்.எஸ்.புரத்துப் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நானும் என் நண்பரும் ஒரு கல்லிருக்கையில் அமர்வது வழக்கம். இருவரும் ஒரே கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். பிறர் அரசியல் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் ஒரு விளையாட்டில் ஆழ்ந்திருப்போம். ஒருவர் கரிமச் சேர்மம் ஒன்றின் பெயரைச் சொல்ல, மற்றவர் அதன் கட்டமைப்பைக் குடை நுனியால் மண்ணில் வரைய வேண்டும். தோற்றவர் காப்பி வாங்கித் தர வேண்டும்.

நண்பர் சேர்மத்தின் பெயரை வாலிலிருந்து படிப்பார். ‘பென்டேன்’ என்று முடிந்தால் ஐந்து கரிம அணுக்களை வரிசையாக நிறுத்துவார். பின்னர் முன்னாலுள்ள எண்ணைப் பார்த்து, உரிய அணுவில் கிளையை ஒட்டுவார். ஒவ்வொரு கரிமத்திற்கும் நான்கே கைகள், அதாவது பிணைப்புகள். எஞ்சிய கைகளில் நீரகம் என்னும் ஹைட்ரஜன் அணுக்களைக் கொடுத்துவிட்டால் படம் நிறைவுறும். என் புலம் கனிம வேதியியல். ஆதலால் பெரும்பாலும் காப்பி வாங்கியவன் நானே.

ஒருநாள் 2,2-டைமெத்தில்பியூட்டேனை வரைந்தேன். இரண்டாம் கரிமத்தின் நான்கு கைகளும் பிற கரிமங்களைப் பற்றியிருந்தன. அதை மறந்து, பழக்கத்தினால் ஒரு நீரகத்தையும் அதில் மாட்டிவிட்டேன்.

“ஏனுங்க சார், உங்க கார்பனுக்கு அஞ்சு கை முளைச்சிருக்குதுங்களே! அஞ்சாவது கை எதுக்குங்க, காப்பி டம்ளர் புடிக்கறதுக்கா?” என்றார் நண்பர்.

நடப்பவர்கள் திரும்பிப் பார்க்குமளவு சிரித்தோம். அன்றுமுதல், பிழை என்றாலே எங்களுக்குக் காப்பி டம்ளர்தான்.

“சங்கிலியிலயே எத்தன நாளைக்குங்க சுத்தறது? வளையத்துக்கு வாங்க, சொல்லித் தாரேன்” என்று, கரிமங்கள் வளையமாகக் கைகோக்கும் சேர்மங்களுக்கு அவ்வப்போது அழைப்பார்.

“மொதல்ல இதுல ஜெயிச்சுப்போட்டு வாரேனுங்க” என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். எங்கள் இருவருக்கும் இன்னும் நிறையக் காலம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்திருந்த ஒரு காலையில், “3-எத்தில்-3-மெத்தில்பென்டேன்” என்றேன். அவருக்கு அது மிக எளிது. ஐந்து கரிமங்களை நிறுத்தினார். நடுக்கரிமத்தின் மேலே மெத்தில், கீழே எத்தில். நான்கு கைகளும் நிறைந்தன. பின்னர் அதே நடுக்கரிமத்தில் ஒரு நீரகத்தையும் செருகினார். நெடுநாள் காத்திருந்த வாய்ப்பு.

“காப்பி டம்ளருங்களா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எதுங்க?”

“நடுவுல பாருங்க சார். எத்தன கை?”

குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” நிமிர்ந்தார். “அஞ்சு. செரியாத்தானுங்க இருக்குது?”

அவர் விளையாடவில்லை. எண்ணத் தெரிந்தது, நான்கு என்னும் வரம்பு மட்டும் அவரைவிட்டு நழுவியிருந்தது.

“செரிதானுங்க” என்று சொல்லிக் காப்பி வாங்கி வந்தேன்.

“இன்னைக்கும் தோத்துப்போட்டீங்களா?” என்று மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

மறதி நோய் என்று மருத்துவர் உறுதிசெய்தபின், அவருடைய மகள் கிணத்துக்கடவிலுள்ள தம் வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றார். நானும் அவ்வப்போது பேருந்தேறிப் போய்வருகிறேன். போகும்போதெல்லாம், “பேர் சொல்லுங்க” என்பார். நான் சொல்லும் பெயர்கள் மாதத்திற்கு மாதம் சுருங்கிவந்தன. வளையங்களைப் பற்றி இனி அவரிடம் கேட்க இயலாது. அவற்றை நூல்களில் படித்துக்கொள்ளலாம். பிழை கண்டு என்னைச் சீண்டும் குரல் நூல்களில் இல்லை.

சென்ற முறை, சேர்மங்களிலேயே மிகச் சிறிய ‘மீத்தேன்’ என்றேன். முற்றத்து மண்ணில் ஒரு கரிமத்தை எழுதி, நான்கு கைகளை நீட்டி, நான்கிலும் நீரகத்தை வைத்தார்.

“முழுசும் செரிங்க சார்!” என்றேன். என் குரல் என்னையறியாமல் உயர்ந்தது.

அப்போது மகள் காப்பியோடு வந்தார்.

“டம்ளர் புடிக்க ஒரு கை வேணுமில்லீங்களா?” என்று சொல்லி, நண்பர் ஐந்தாவது கோட்டை இழுத்தார்.

அது பகடியா, பிணியா என்று எனக்கு விளங்கவில்லை. பழைய நாள்போல் உரக்கச் சிரித்தேன். அவரும் சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்கத்தான் துணிவு வரவில்லை.