சரக்குக் கவுண்டரில் கேட்ட சொல்

ஹிந்தியில் மகளும் பேட்டிதான், சாமான் அடைக்கிற பெட்டியும் பேட்டிதான். முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் மகள், அழுத்தாமல் சொன்னால் பெட்டி. ஹிந்திக்காரர்கள் காதுக்கு இரண்டும் வேறு. தமிழில் எழுதினால் ஒன்று. டெல்லியில் பத்து வருஷம் நர்ஸாக இருந்தும் எனக்கு அது உறைத்ததில்லை, விமான நிலையச் சரக்குப் பிரிவில் நின்ற அந்த மத்தியானம் வரை.

என் அறைத்தோழி டெங்குவில் போய்விட்டாள். இருபத்தாறு வயசு. காய்ச்சலோடு அவளை இரண்டு நாள் டியூட்டி பார்க்கவைத்த வார்டு இன்சார்ஜ் மாலையோடு வந்து நின்றபோதே எனக்குள் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவள் அப்பா வந்திருந்தார். ஹிந்தி தெரியாது. கீழ்வீட்டு பஞ்சாபி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "பேட்டி, பேட்டி" என்று அழுததில் அந்த ஒரு சொல் மட்டும் புரிந்திருந்தது.

உடலை மரப்பெட்டியில் வைத்து, ஆணி அடித்து, மதுரை விமானத்துக்குக் கொண்டுபோனோம். கவுண்டர்காரன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பெட்டி எத்தனை கிலோ என்று கேட்டான். "பேட்டி கித்னே கிலோ கீ ஹை?"

அவள் அப்பாவின் முகம் மலர்ந்தது. "மகளைப் பத்தித்தானம்மா கேக்கான்?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே குனிந்து சொல்லத் தொடங்கினார். "நல்ல பிள்ளை சார். எங்க தெருவுல முத நர்ஸு அவதான்."

"மேடம், இந்த ஆள் என்ன உளறுகிறார்? ஜல்தி எடையைச் சொல்லுங்கள்" என்றான் அவன் ஹிந்தியில்.

கத்தினேன். ஹிந்தியில் அவ்வளவு வசவு எனக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. "உள்ளே இருப்பது இவர் பெற்ற மகள். எழுந்து நின்று பேசு!"

பின்னால் ஆப்பிள் பெட்டிகளோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் எழுந்தான். எடை போடாமல் ஏற்ற முடியாது, ரூல் அப்படி என்று முனகினான். ரூல் சரிதான். அதுவும் சேர்ந்து ஆத்திரத்தைக் கிளப்பியது. படிவத்தில் அவன் எழுதியிருந்த 'பேட்டி'யை அடிக்கச் சொல்லி, அவள் முழுப்பெயரை எழுதவைத்தேன்.

அப்பா என் முழங்கையைத் தொட்டார். "ஏம்மா அவன்கிட்ட சத்தம் போடுத? விசாரிக்கத்தானே செஞ்சான்."

ரசீதை வாங்கி மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

அடக்கம் முடிந்து போன் செய்தார். முன்பின் தெரியாத ஒருத்தன் டெல்லியில் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"ஆமாப்பா, கேட்டான்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.