எடைச் சீட்டில் இருபத்தொன்று

ஆண்டு விழாவுக்குப் பிரமிடு கட்டுவது என்று எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் முடிவு செய்தபோது நான் ஆறாம் வகுப்பு. கீழே மூன்று பேர் முட்டிபோட்டுக் கையூன்ற வேண்டும். அவர்கள் முதுகின் மேல் இரண்டு பேர் அதே மாதிரி. எல்லோருக்கும் மேலே ஒருத்தி நிமிர்ந்து நின்று கைகூப்ப வேண்டும். யார் எந்த இடம் என்பதை எடைதான் தீர்மானிக்கும்.

பள்ளியில் எடை பார்க்க வசதி இல்லை. பக்கத்துத் தெருவில் என் பெரியப்பாவின் மிளகாய் மண்டி இருந்தது. டீச்சர் பிள்ளைகளை அங்கே வரிசையாக அழைத்துப் போய், தராசின் பலகைத் தட்டில் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தார்கள். எல்லோரும் தும்மிக்கொண்டே திரும்பி வந்தார்களாம். அன்று நான் அத்தை வீட்டுக் காதுகுத்துக்காகச் சிவகாசி போயிருந்தேன். மூன்று நாள் கழித்துத் தனியாக மண்டிக்குப் போய் எடை போட்டு, சீட்டை வாங்கி வந்து டீச்சரிடம் கொடுத்தேன். சீட்டில் 21 என்ற எண் மட்டும் இருந்தது. பட்டியலில் அதற்கு அடுத்த குறைந்த எடை இருபத்துமூன்று. உச்சி எனக்கு வந்தது.

டீச்சர் சீட்டையும் என்னையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தது நினைவிருக்கிறது. ஆனால் கிலோ அப்போதுதான் வந்திருந்தது. இத்தனை கிலோ என்றால் ஆள் எப்படி இருப்பாள் என்று யாருக்கும் கண் பழகவில்லை.

பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பயிற்சி. தாங்குகிற ஐந்து பேருக்கும் கைக்கும் தோளுக்கும்: சுவரைத் தள்ளுவது, தரையில் கையூன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்பது. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லி முடியும்வரை அசையக் கூடாது. எனக்கு மட்டும் வேறு. பின்பக்கம் வில்லாக வளைவது, இரண்டு காலையும் விரித்துத் தரையில் அமர்வது, ஒற்றைக் காலில் நிற்பது. என் இடுப்பு முதல் வாரம் முழுக்க வலித்தது. இரண்டாம் வாரம் வளைந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றுகூட என்னால் குறைத்துச் சொல்ல முடியவில்லை.

நடு வரிசையில், எனக்கு நேர் கீழே, அடுத்த வீட்டுக்காரி. என் வகுப்புத்தான், பள்ளிக்குச் சேர்ந்தே போய், சேர்ந்தே வருவோம். நான் ஏறி நின்றதும் அவள் இடது முழங்கை மடங்கிவிடும். ஐந்து பேரும் சரிவார்கள்.

“அவளே இருவத்தொரு கிலோ. அவளத் தாங்க முடியலையா ஒனக்கு?” என்பார்கள் டீச்சர்.

“வீட்ல சோறு போடுதாகளா, வெறும் நீத்தண்ணிதானா?” என்பாள் கீழ் வரிசைக்காரி ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பார்கள். தண்டனையாக அடுத்த வீட்டுக்காரிக்கு மட்டும் கூடுதலாகப் பத்துத் தண்டால். அவள் அம்மா தினமும் ஊறவைத்த கொண்டைக்கடலை கொடுத்தனுப்பினார்கள். அவள் அதை மைதானத்தில் திரும்பி நின்றுகொண்டு தின்பாள்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை டீச்சர் அவளிடம் சொல்லிவிட்டார்கள்: “வெள்ளிக்கெழமைக்குள்ள ஒன் கை நிக்கலேன்னா வேற பிள்ளையப் போட்டுருவேன்.”

அதே திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் பழைய எடையான வீசையைக் கிலோவாக மாற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வீசை என்பது ஏறத்தாழ ஒன்று புள்ளி நான்கு கிலோ. பயிற்சிக்கு நாங்களே எண்களைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நான் இருபத்தொன்றைப் போட்டேன். இருபத்தொன்பது புள்ளி நான்கு வந்தது. என்னை எடை போட்ட அன்று தட்டில் ஏற்றிய கற்கள் மூலையில் கிடந்த பழைய கறுப்புக் கற்கள் என்று அப்போது தோன்றியது. நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். விடை மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை மண்டிக்குப் போனேன். எடை போடுகிறவர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு என்னைய எந்தக் கல்லுல போட்டீக?”

“வீசைக் கல்லுலதான் தாயி. கிலோக் கல்லு பூராம் சர்க்கார் முத்திரை போடப் போயிருந்துச்சுல்லா. ஆமத்தூர்ல இருந்து மொளகா கொண்டார சம்சாரிக இன்னும் வீசையில சொன்னாத்தான நம்புதாக. அதுக்குன்னு வச்சிருந்த கல்லு.”

“சீட்டுல வீசைன்னு எழுதலையே.”

“கல்லப் பாத்தாலே தெரியுமே. அத வேற எழுதணுமாக்கும்? நீ என்ன மொளகா மூட்டையா, வெலை பேச?”

ஆக, செவ்வாய்க்கிழமை மாலை எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று பயிற்சியில் உச்சியில் ஏறி நின்றேன். கீழே கை மடங்கியது. புதன்கிழமையும் ஏறினேன். அவள் இருபது தண்டால் எடுத்தாள். ஏன் இரண்டு நாள் சும்மா இருந்தேன் என்பதற்கு நான் பிற்பாடு பல காரணங்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். பெரியப்பா மண்டிக்குக் கெட்ட பெயர் வரும் என்பது ஒன்று. டீச்சர் அடிப்பார்கள் என்பது ஒன்று. டீச்சர் யாரையும் அடித்ததில்லை. அந்த வயதில் என் மனதில் உண்மையில் என்ன ஓடியது என்று இன்றும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சொன்னேன். டீச்சர் பட்டியலில் 21ஐ அடித்துவிட்டு 29½ என்று எழுதினார்கள். நடு வரிசையிலிருந்த இருபத்துமூன்று கிலோக்காரி மேலே போனாள். கீழ் வரிசையில் இடது ஓரத்தில் இருந்தவள் நடுவுக்கு ஏற, நான் அந்த இடத்துக்கு இறங்கினேன். அடுத்த வீட்டுக்காரி நடு வரிசையிலேயே இருந்தாள், இப்போது என் முதுகின் மேல்.

முதல் தடவை புதியவள் ஏறியபோது ஒரு வேடிக்கை நடந்தது. கனமான குடம் என்று நினைத்துக் காலிக்குடத்தைத் தூக்கின மாதிரி, அடுத்த வீட்டுக்காரி அவள் பாரத்துக்கு எதிராகத் தோளை விசையாகக் கொடுத்துவிட்டாள். மேலே நின்றவள் மணலில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தோம். விழுந்தவளும் சிரித்தாள். இரண்டாவது தடவை அடுத்த வீட்டுக்காரியின் கை மடங்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ரயில்வே கேட் தாண்டியதும் கேட்டாள்.

“ஏட்டி, ஒனக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாக்கெளம.”

“இன்னைக்கு வியாளன்,” என்றாள்.

 மறுநாளும் என்னோடுதான் பள்ளிக்கு வந்தாள். அதற்கடுத்த நாளும். கோபமா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கைப்பலம் இல்லை. வளையத்தான் பழகியிருந்தேன். மிச்சமிருந்த பத்து நாளில் சுவரைத் தள்ளினேன், பலகையாக நின்றேன். பதினாறாம் வாய்ப்பாட்டின் பாதியில் தோள் நடுங்கும். டீச்சர் ஆளை மாற்றவில்லை.

விழா அன்று முட்டிபோட்டிருந்த எனக்கு மேடைப் பலகையின் இடுக்கு மட்டும்தான் தெரிந்தது. மேலே அவள் ஏறினாள். அவள் முட்டி என் முதுகில், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஊன்றியது. ஒத்திகையில் இல்லாத வலி. வேண்டுமென்றே அழுத்துகிறாளா, உச்சிக்காரியும் ஏறிவிட்டதால்தான் அப்படி இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைதட்டல் கேட்டது. என் கை மடங்கவில்லை.

இறங்கி, திரைக்குப் பின்னால் வந்ததும் கேட்டேன்.

“ரொம்ப அழுத்திட்டியோ?”

அவள் பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தான் ஊனுனேன்,” என்றாள்.