பெரிய பிளேன் வரேல்லை, முருங்கை தழைச்சது

சபையாருக்கு என்ரை தோத்திரம். சண்டிலிப்பாயிலை என்னைத் தெரியாத ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டனான். இண்டைக்கு இருக்கிற தோட்டம் முழுக்க இந்தக் கையாலை உண்டாக்கினது. அப்படிப்பட்ட என்னையே ஆண்டவர் ஒருக்கா முழங்காலிலை விழுத்தினார்.

முந்தின வருஷம் கழுத்துப்பட்டி கட்டின ஒருத்தர் என்ரை முற்றத்துக்கு வந்தார். விமானக் கொம்பனியின்ரை ஆள். "ஐயா, மாசியிலை பலாலி விமான நிலையத்துக்குப் பெரிய பிளேன் வரும். முருங்கைக்காய் காலமை ஆய்ஞ்சால் அடுத்தநாள் வெளிநாட்டுக் கடையிலை கிடக்கும்" எண்டார். நம்பினன். புகையிலையை விட்டிட்டுத் தோட்டம் முழுக்க முருங்கை வைச்சன்.

மாசி பிறந்தது. காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கினது. பிளேனைக் காணேல்லை. அவருக்கு ரெலிபோன் எடுத்தன்.

"பயணம் போற ஆக்கள் குறைஞ்சிட்டினம் ஐயா. புதுப் பிளேன் வாங்கிறதை ஒத்திவைச்சிட்டம்."

"எப்ப மட்டும்?"

"நிலைமையைப் பாத்துத்தான்."

படிச்ச கூட்டத்தின்ரை கதையைப் பாருங்கோ! பிளேனை ஒத்திவைக்கலாம். மரத்திலை முத்துற காயை ஒத்திவைக்க ஏலுமோ? வாங்கத் துணிவில்லாதவனுக்கு என்னத்துக்குக் கழுத்துப்பட்டி?

ஊர் முழுக்க முருங்கைக்காய்க் காலம். சந்தையிலை சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளில்லை. மானிப்பாயிலை இருக்கிற என்ரை மச்சான், ஓய்வுபெற்ற அதிபர், தேவாலய வாசலிலை எல்லாருக்கும் கேட்க, "என்ன அத்தான், பிளேன் எந்த மரத்திலை இறங்கினது?" எண்டார். வாழ்நாளிலை ஒரு கத்தரிக்கண்டு நட்டறியாத மனுசன்.

மரங்களைத் தறிக்கக் கோடாலியைத் தூக்கினன். என்ரை மனிசி மறிச்சாள். "முதல் ஜெபம் பண்ணுங்கோ, பிறகு தறியுங்கோ. மரம் எங்கை ஓடப்போகுது?"

மரத்தடியிலை முழங்காலிட்டன். அழுதன். "ஆண்டவரே, உந்தப் பொய்யருக்கு முன்னாலை என்னை வெட்கப்பட விடாதேயும்."

அந்த ஞாயிறு அறுவடைப் பெருநாள். ஒரு கட்டு முருங்கைக்காய் காணிக்கை வைச்சன். ஆராதனை முடிய வழமைபோலை காணிக்கைப் பொருளுகளை ஏலம் விட்டினம். என்ரை கட்டுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மச்சான் சிரிச்சுக்கொண்டு ஒரு கேவலமான விலை கேட்டார். எனக்குப் பொறுக்கேல்லை. என்ரை காயை நானே கூட்டிக் கேட்டன்! அவர் கேட்க, நான் கேட்க, சபை முழுக்கச் சிரிப்பு. நான் விடேல்லை.

அரியாலையிலையிருந்து வந்திருந்த ஒரு அம்மா கிட்ட வந்தா. "தன்ரை காயை ஆருக்கும் விடாத மனுசனை இண்டைக்குத்தான் கண்டனான். எவ்வளவு மரம் நிக்குது?"

"தோட்டம் முழுக்க."

"எனக்குக் காய் வேண்டாம் ஐயா. இலை வேணும். காயவைச்சுத் தூளாக்கி வெளிநாட்டுக்குக் கப்பலிலை அனுப்புறம்."

கப்பல்! நான் ஆகாயத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். ஆண்டவர் கடலாலை வந்தார். தறிக்கப் போன மரங்கள் இண்டைக்கு வெட்ட வெட்டத் தழைக்குது. கோடாலி துருப்பிடிச்சுக் கிடக்குது.

போன கிழமை கழுத்துப்பட்டிக்காரர் திரும்ப ரெலிபோன் எடுத்தார். "ஐயா, பிளேன் வாங்கிற யோசனை திரும்ப வந்திருக்கு."

"வாங்கினால் ஒருக்கா எங்கடை தோட்டத்துக்கு மேலாலை ஓட்டிக் காட்டும். இலை ஆயிறவையள் அண்ணாந்து பாக்கட்டும்" எண்டு வைச்சிட்டன்.

சபையாரே, நிலைமை பாத்து வாக்கு மாத்திறவனை நம்பாதேயுங்கோ. என்ரை ஆண்டவரை நம்புங்கோ. இப்ப ஒவ்வொரு விடியலும் அந்த மரத்தடியிலைதான் என்ரை ஜெபம். மச்சான், நீரும் வாரும். முழங்காலிட நிழல் கிடக்குது.